புது குட்டி ஆம்ப்ளி: பழைய பாட்டு ஓடுது, புதுப் பாட்டு போட்டா கட் ஆகுது, உதவுங்க

கொடுமுடிக்காரன்:
வணக்கமுங்க. ஆன்லைன்ல குட்டி ஸ்டீரியோ ஆம்ப்ளி ஒண்ணு வாங்குனனுங்க, டிபிஏ3116 சிப்பு, புளூடூத்து, ஆக்ஸ் (போன ஒயர்ல சொருகற ஓட்டை) ரெண்டும் இருக்குது, டிபன் பாக்ஸ் அளவுதான். 50+50 வாட்ஸ்னு போட்டிருக்காங்க, கூட 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் குடுத்தாங்க. ஸ்பீக்கர் ரெண்டும் பழசு, ஆறரை இஞ்ச், 8 ஓம்ஸ், அப்பாரு மரப்பொட்டி அடிச்சு ஆசாரத்துல மாட்டுனது. மெதுவா வெச்சா ஒண்ணுமில்லீங்க, பாதிக்கு மேல ஏத்துனா டப்புனு நின்னு ரெண்டு செகண்டுல தானா திரும்ப வருது. இதுல புரியாத விசயம் என்னன்னா, அப்பாரு கேக்குற கே.பி. சுந்தராம்பாள் பாட்டு (எங்கூருக்காரங்க, தெனமும் பொழுதோட அவருக்குப் போட்டே ஆகோணும்) எவ்வளவு வெச்சாலும் நிக்கறதில்ல, நான் போடற புதுப் பாட்டுக்குத்தான் நிக்குது. திருப்பி அனுப்ப இன்னும் நாலு நாள் இருக்குது. அனுப்பிரட்டுங்களா?

பல்லடம் தறிக்காரன்:
அடாப்டர்தான் தம்பி, சந்தேகமே வேண்டாம். 12 வோல்ட்டுல 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கம் 9 வாட்ஸ்க்கு மேல சுத்தமா வராது. வோல்ட்டை வோல்ட்டால பெருக்கி, ஓம்ஸ்ஸோட ரெண்டு மடங்கால வகுத்துக்குங்க, 144-ஐ 16-ஆல, அவ்வளவுதான் கணக்கு. அதே 24 வோல்ட்னா 36. அந்த 50 வாட்ஸ்ங்கறது 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 21 வோல்ட் குடுத்து, 10 சதவீதம் டிஸ்டார்ஷன் வர்ற வரைக்கும் ஏத்தி அளந்தது, அந்தச் சத்தத்தை யாரும் உக்காந்து கேக்க முடியாது. சிப்பு 26 வோல்ட் வரைக்கும் தாங்கும், ஆனா மூடியத் தொறந்து போர்டுல இருக்குற பெரிய கெப்பாசிட்டரைப் பாருங்க, அதுல 25 வோல்ட்னு இருந்தா 24 குடுக்காதீங்க, பழைய லேப்டாப் சார்ஜர் 19 வோல்ட் போதும். பின்னு சைஸும் நடுவுல ப்ளஸ்ஸாங்கறதும் பாத்துட்டு சொருகுங்க.

கொடுமுடிக்காரன்:
19 வோல்ட் 3.42 ஆம்ப் சார்ஜர் இருந்துச்சுங்ணா, போட்டுட்டேன். சத்தம் நல்லாத் தெளிவாச்சு, ஆனா முன்னைய விட சீக்கிரமா நிக்குதுங்க! கால் திருப்புக்கே போயிருது. இன்னொண்ணு, ஆக்ஸ்ல போன சொருகி சார்ஜும் போட்டா கிர்ருனு ஒரு இரைச்சல். எனக்கு இது டூப்ளிகேட் பீஸோன்னு தோணுது.

பொள்ளாச்சி மைக்செட்:
தம்பி, அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல இருந்து ஆம்ப்ளிக்கு எத்தன ஒயர் வருது? மூணா, நாலா?

கொடுமுடிக்காரன்:
மூணுதானுங்க. ஓட்டு வீடு, விட்டத்து மேல ஓடுது. ரெண்டு பொட்டி மைனஸையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்தியிருக்குது. ஆம்ப்ளியில ரெண்டு மைனஸ்க்கும் நடுவுல ஒரு துண்டு ஒயர் போட்டு நான்தான் சேத்தேன்.

பொள்ளாச்சி மைக்செட்:
அதைத்தான் நெனச்சேன். உடனே ஆஃப் பண்ணிருங்க. அந்தக் காலத்து ஆம்ப்ளி பாதிக்கு மேல மைனஸுனா பாடி எர்த்து, ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதான், அதுனால மூணு ஒயர்ல காசு மிச்சம் பண்ணி இழுத்தோம், நானே எத்தனையோ வீட்டுக்கு அப்படி இழுத்திருக்கேன். இந்தச் சிப்பு பிரிட்ஜ் மாதிரி வேல செய்யும், ப்ளஸ்ஸும் உயிரோட இருக்கும், மைனஸும் உயிரோட இருக்கும். ரெண்டு மைனஸையும் சேத்தா லெஃப்டும் ரைட்டும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கும், சிப்பு தன்னைக் காப்பாத்திக்க நிறுத்திருது. சுந்தராம்பாள் பாட்டு மோனோ ரெக்கார்டிங், ரெண்டு பக்கமும் ஒரே சிக்னல், இழுக்க வித்தியாசமே இல்ல, அதான் ஓடுச்சு. ஸ்டீரியோ பாட்டுல ரெண்டு பக்கமும் வேற வேற. லேப்டாப் சார்ஜர் கூடக் கரண்டு குடுக்கறதால இழுப்பும் ஏறிருச்சு.

ரெண்டு பொட்டிக்கும் தனித்தனியா ரெண்டு ரெண்டு ஒயர் இழுங்க. இழுத்ததும், ஆம்ப்ளியில சேக்கறதுக்கு முன்னாடி, டார்ச் பேட்டரி ஒண்ணரை வோல்ட்ட ஒயர் நுனியில சும்மா தொட்டு எடுங்க. கோன் வெளிய தள்ளுச்சுன்னா பேட்டரி ப்ளஸ் பட்ட ஒயர்தான் ப்ளஸ். ரெண்டு பொட்டிக்கும் பாத்து டேப்ல குறி போட்டுக்குங்க. ஒண்ணு மாறிப் போனாலும் அடிச்சத்தம் செத்துரும்.

பல்லடம் தறிக்காரன்:
அண்ணா சொல்றதுதான் சரி. நான் அடாப்டர்னு அடிச்சுச் சொல்லீட்டேன், தம்பி மன்னிச்சுக்கோணும். மோனோ பாட்டு நிக்காம ஓடுதுன்னு முதல்லயே எழுதியிருந்தீங்க, நான்தான் அதைப் புடிக்கல. அந்தக் கிர்ரு, போன் சார்ஜர் இரைச்சல் ஆக்ஸ் ஒயர்ல எறங்கறது. சார்ஜரை உருவீட்டு கேளுங்க, இல்லீன்னா புளூடூத்துலயே ஓட்டுங்க.

கொடுமுடிக்காரன்:
நேத்து ஈரோட்டுல இருந்து 30 மீட்டர் ஒயர் வாங்கியாந்து, விட்டத்து மேல ஏறி ரெண்டு சோடியா இழுத்தாச்சுங்க. பேட்டரி வெச்சுப் பாத்தா எடது பொட்டி தலைகீழா மாட்டியிருந்துச்சு, இத்தன வருசமும் அப்படியே இருந்திருக்குது! மாத்தீட்டு முக்கால் வரைக்கும் ஏத்தி ஒரு மணி நேரம் ஓட்டுனேன், ஒருக்காக்கூட நிக்கல. சார்ஜரை உருவுனதும் கிர்ருஞ் சத்தமும் போயிருச்சு. பொழுதோட அப்பாரு வழக்கம்போல கட்டல்ல படுத்துக்கிட்டு கேட்டாரு. குரல் ரெண்டு பொட்டிக்கும் நடுவுல, செவுத்துல நாங்க காலண்டர் மாட்டுன எடத்துல இருந்து வந்துச்சு. எந்திரிச்சு உக்காந்து, "இதுக்குள்ள எப்படா பொட்டி வெச்ச?"னு காலண்டரைத் தூக்கிப் பாத்தாருங்க.

ஆம்ப்ளி அனுப்பலீங்க. அந்த 12 வோல்ட் அடாப்டர் சும்மா கெடக்குது, வைஃபை ரூட்டருக்கு ஆகுங்களா?

பொள்ளாச்சி மைக்செட்:
ரூட்டர் அடியில 12 வோல்ட்னு இருந்து பின்னும் ஒத்து வந்தா ஆகும் தம்பி. 9 வோல்ட் ரூட்டரும் இருக்குது, பாத்துட்டுச் சொருகுங்க.