வயலில் வேலை செய்யும் பெண்களைப் படம் எடுக்கிறேன், எங்கே தப்பு செய்கிறேன்?

வரப்போரம்:

வணக்கம் நண்பர்களே. ரெண்டு வருஷமாக விடுமுறை நாட்களில் கிராமப் பக்கம் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் விவசாய வேலைகள்தான், அதிலும் பெண்கள் செய்கிற வேலைகள். நாற்று நடுவது, களை எடுப்பது, கதிரடித்த பிறகு முறத்தில் தூற்றுவது. போன மாதம் ஒரு விஷயம் நடந்தது, அதற்குப் பிறகு கேமராவைத் தொடவே மனசு வரவில்லை.

நடவு நடந்துகொண்டிருந்த வயல் ஒன்றில், நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, வரப்பில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70-200 டெலி லென்ஸ். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா நிமிர்ந்து இடுப்பில் கைவைத்து ஒரு நொடி நின்றார், எடுத்துவிட்டேன். கன்னத்தில் சேறு, நெற்றியில் வியர்வை, பின்னால் வெளுத்த வானம். வீட்டுக்கு வந்து கருப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டும் கிளாரிட்டியும் ஏற்றி, முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி செய்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நான் இப்படியா இருக்கேன்? நோவுல கெடந்து எழுந்தவ மாதிரி எடுத்திருக்கியே" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு நட்ட நடவுல ஒரு நாத்துகூட இதுல காணோமே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த ரெண்டாவது வார்த்தைதான் இன்னும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர்களுடைய உழைப்பைக் காட்டத்தான் நான் போனேன். படத்தில் உழைப்பே இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். எப்படி அணுகுவது, எந்த லென்ஸ், உச்சி வெயிலில் என்ன செய்வது, கருப்பு வெள்ளை சரியா, எது தோன்றுகிறதோ சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

நாற்றங்கால்:

தம்பி, திட்டவெல்லாம் இல்லை. பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தீர்களே, எடுப்பவர்களில் பாதிப் பேர் அதைக்கூடச் செய்வதில்லை. நான் கேமராவுக்கு அந்தப் பக்கம் இருப்பவள். சின்ன வயதிலிருந்து சேற்றில் நின்றிருக்கிறேன், இப்போதும் ஆள் குறைந்தால் இறங்குவேன். அங்கிருந்து சொல்கிறேன்.

முதலில், நிலத்துக்காரரிடம் கேட்டது நிலத்துக்குள் வருவதற்கான அனுமதி. எங்களைப் படம் எடுக்க எங்களைத்தான் கேட்க வேண்டும். அவர் தலையாட்டிவிட்டால் அன்றைக்குக் கூலிக்கு வந்தவள் எப்படி வேண்டாம் என்று சொல்வாள்? வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் ஒருத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டால் அது கேட்டதாகாது. வேலை ஆரம்பிக்கும் முன்னாலோ, கரையேறி உட்கார்ந்திருக்கும்போதோ வாருங்கள். நடவு வரிசையாகப் போகிற வேலை, ஒருத்தி நின்றால் அவளுடைய பத்தி பின்தங்கும், பக்கத்தில் இருப்பவள்தான் அதையும் சேர்த்து நட வேண்டியிருக்கும். "ஒரு நிமிஷம் இங்கே பாருங்கம்மா" என்பது உங்களுக்கு ஒரு நிமிஷம், அவளுக்குக் கணக்கு வேறு.

இன்னொன்று, இதை யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். குனிந்து வேலை செய்கிற பெண்களைப் பின்னாலிருந்து எடுக்காதீர்கள். சேறு படாமல் இருக்க உடையை ஏற்றிச் செருகியிருப்போம். எங்களுக்குள் அது சாதாரணம். ஊரார் கையில் போனுக்குப் போன் போகும் என்று தெரிந்தால் கூசும். வரிசையாகக் குனிந்த முதுகுகளை மட்டும் எடுத்து "கிராமத்து அழகு" என்று போடுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

நடவு எப்படி நடக்கிறது என்று என்றைக்காவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? இடது கையில் நாற்று முடி, அதாவது நாற்றுக் கட்டு. அந்தக் கையின் கட்டைவிரலே மூன்று நான்கு நாற்றைப் பிரித்துத் தள்ளிவிடும், வலது கை அதை வாங்கி, விரல் நுனி வேரோடு சேர்ந்து சேற்றுக்குள் போய் வெளியே வரும். எண்ணிப் பார்ப்பதில்லை, விரலுக்கே தெரியும். அப்படியே பின்னாலே பின்னாலே நகர்ந்துகொண்டு போவோம், அதனால் நட்டது எல்லாம் எங்களுக்கு முன்னால் பச்சையாக விரிந்துகொண்டே வரும். நிமிர்ந்தால் அதைத்தான் பார்ப்போம். அந்த அம்மா இடுப்பில் கைவைத்து நின்றபோதும் அதைத்தான் பார்த்திருப்பார். நீங்கள் அவருடைய முகத்தை எடுத்தீர்கள், அவர் பார்த்ததை விட்டுவிட்டீர்கள். அதைத்தான் அந்த இன்னொரு பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

எஃப்_எட்டு:

அக்கா சொன்னதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை, கருவி சம்பந்தமாக மட்டும் சேர்க்கிறேன்.

70-200ஐ வீட்டில் வைத்துவிட்டு அகலமாகக் காட்டும் ஒரு 35 மி.மீ. லென்ஸ் மட்டும் எடுத்துப்போய்ப் பாருங்கள். டெலி லென்ஸ் பின்னணியைக் கரைத்துவிடும், நாற்றும் காணாமல் போகும், வரப்பும் காணாமல் போகும், முகம் மட்டும் எங்கேயோ மிதக்கும். 35இல் கையும் முகமும் நாற்றும் ஒரே சட்டகத்துக்குள் வர வேண்டுமென்றால் ரெண்டு மீட்டர் தூரத்துக்குள் போயாக வேண்டும், அவ்வளவு கிட்டே ஒருவருக்குத் தெரியாமல் போக முடியாது, பேசித்தான் ஆக வேண்டும். எனக்கு அந்த லென்ஸ் பிடித்ததே அதனால்தான்.

உச்சி வெயில் பற்றி. குனிந்திருப்பவரின் முகம் தலைத்துணியின் நிழலில் கருத்துப்போகும், நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலையும் முதுகும்தான் வரும். ஆனால் நடவு வயலில் தேங்கி நிற்கும் தண்ணீர் வெயிலைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அனுப்பும், காசில்லாத ரிஃப்ளெக்டர் அது. முன்பக்கமாக, வரப்பில் உட்கார்ந்து, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். முகம் தெரியும், விரல் தெரியும், தண்ணீரில் அவருடைய பிம்பமும் தெரியும். படம் எவ்வளவு வெளிச்சமாக வர வேண்டும் என்கிற எக்ஸ்போஷரை மட்டும் கேமராவின் இஷ்டத்துக்கு விட்டுவிடாதீர்கள். தண்ணீரும் வானமும் பளபளப்பதைப் பார்த்து அது மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும், கருத்த நிறமுள்ள முகங்கள்தான் அதில் முதலில் அடிபடும். முகத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிற மாதிரி ஸ்பாட் மீட்டர் வையுங்கள், இல்லையென்றால் முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் ரெண்டு மடங்கு) ஏற்றுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

தூற்றுவதை எடுக்கும்போது காற்று வருகிற பக்கமாக நில்லுங்கள், எதிர்ப்பக்கம் நின்றால் பதர் முழுக்க லென்ஸில்தான். வெயில் எதிரே சாய்வாக இருந்து, பின்னால் மரநிழல் மாதிரி இருட்டான ஒன்று இருந்தால் தூசி ஒவ்வொன்றும் ஒளிரும். ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு மேல் வைத்தால் மணிகள் தனித்தனியாக நிற்கும், 1/60 வைத்தால் கோடுகோடாக விழும். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், கையின் வேகம் அதில்தான் தெரிகிறது.

கிளாரிட்டி ஸ்லைடர் பற்றி ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மாவின் படத்தில் அவ்வளவு ஏற்றுவீர்களா? கருப்பு வெள்ளை தப்பே இல்லை, ஆனால் பச்சைதான் அந்த வேலையின் பலன் என்னும்போது அதை நீக்க ஒரு காரணம் இருக்க வேண்டும்.

பழைய_நெகடிவ்:

இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங் 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர்கள் தங்கியிருந்த இடத்தில் எடுத்த 'மைக்ரன்ட் மதர்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் கைவைத்த தாய், ரெண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தைகள். சில நிமிஷங்களில் எடுத்து முடித்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார், பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதை 1960இல் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று உலகத்துக்குத் தெரிய 1978 ஆனது, 42 வருஷம். சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதினார், நாங்கள் டயரை விற்கவே இல்லை, அதே காரில்தான் கிளம்பிப் போனோம் என்று அந்தப் பெண்ணின் மகன் பிற்பாடு மறுத்தார். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அந்த அம்மா பிற்பாடு வருத்தப்பட்டுச் சொன்னார். லாங்கின் அக்கறையை நான் சந்தேகப்படவில்லை, 1930களின் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் தொழிலாளர் நிலையை நாட்டுக்குக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். ஆனால் அவ்வளவு அக்கறை உள்ளவருக்கே பெயரைக் கேட்க நேரமில்லாமல் போனது.

அதனால் என் ஆலோசனை படத்தைப் பற்றியது அல்ல, படத்துக்குக் கீழே எழுதுவதைப் பற்றியது. நம் மொழியில் விவசாயி என்ற சொல்லுக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. ஆனாலும் ஏர் பிடித்த ஆணைப் பார்த்தால் 'விவசாயி' என்று எழுதுகிற அதே கை, பெண்ணைப் பார்த்தால் 'விவசாயியின் மனைவி' என்றோ 'கிராமத்துப் பெண்' என்றோ எழுதிவிடுகிறது. விதை எடுத்துவைத்து, நட்டு, களை பறித்து, அறுத்து, தூற்றிய பிறகும் அவர் யாரோ ஒருவரின் மனைவிதான். நிலப் பத்திரம் அவர் பெயரில் இல்லாமல் இருக்கலாம், அதற்காகப் படமும் அவரை விட்டுவிட வேண்டுமா? 2026ஐ பெண் விவசாயிகளுக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது, அந்தப் பெயரில் நிறையப் படங்கள் வரும், அவற்றின் கீழே என்ன சொல் இருக்கப்போகிறது என்பதுதான் என் கவலை.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1993 முதல் 2002 வரை இந்தியாவின் பத்து மாநிலங்களில் எடுத்த படங்களை 'கண்ணுக்குத் தெரியும் வேலை, கண்ணுக்குத் தெரியாத பெண்கள்' என்று பொருள்படும் தலைப்பில் கண்காட்சியாக வைத்தார், இணையத்திலும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது ஒரு முகத்துக்காக நிற்காமல் வேலை வேலையாகப் பாருங்கள். யார் எதைத் தூக்குகிறார்கள், எவ்வளவு தூரம், கையில் என்ன இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்காமல் போனது அங்கே இருக்கிறது.

பெயரைக் கேளுங்கள். போடலாமா என்றும் கேளுங்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். சுவரில் மாட்டுவது, போட்டிக்கு அனுப்புவது, பேஸ்புக்கில் போடுவது, விளம்பரத்துக்கு விற்பது எல்லாம் வேறு வேறு. ஒன்றுக்குச் சரி என்றால் மற்றதற்கும் சரி என்று ஆகாது. செல்போனில் எடுப்பதாக இருந்தால் படத்துக்குள் இடத்தின் ஜிபிஎஸ் விவரமும் சேர்ந்தே போகலாம், ஏற்றும் முன் நீக்கிவிடுங்கள்.

வரப்போரம்:

மூன்று பேருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன பிறகு அன்றைக்கு எடுத்த எல்லாவற்றையும் திரும்பத் திறந்து பார்த்தேன். 212 படம். அதில் விரல் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. பின்னாலிருந்து எடுத்தவை முப்பதுக்கு மேல், எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அந்த அம்மாவின் பெயரும் எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அதே வயலில் களை எடுப்பு. முதல் நாள் கேமரா இல்லாமல் போகலாம் என்று இருக்கிறேன். அவர்கள் சரி என்றால் மறுநாள் எடுப்பேன். களை எடுக்கும்போது எங்கே நிற்பது? நடவு மாதிரியேதானா?

நாற்றங்கால்:

இல்லை, நேர்மாறு. நடவில் பின்னால் போவோம், களையில் முன்னால் வருவோம். நீங்கள் எதிரே வயலுக்குள் நின்றால் பயிரை மிதித்துவிடுவீர்கள், அதற்கு நிச்சயம் திட்டு விழும். வரிசை வந்து முடிகிற வரப்பு மூலையில் உட்காருங்கள், அவர்களே உங்களை நோக்கி வருவார்கள். பயிருக்கும் களைக்கும் வித்தியாசம் உங்களுக்கு முதலில் தெரியாது, யாரையாவது காட்டச் சொல்லுங்கள், சந்தோஷமாகக் காட்டுவார்கள். அந்த விரல் எதைப் பிடுங்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்தால்தான் எப்போது ஷட்டரை அமுக்குவது என்று தெரியும்.

வேலை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். மாடு வைத்திருப்பவர்கள் பறித்த களையில் நல்ல புல்லாகப் பார்த்துக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் போய் மாட்டுக்குப் போட வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். கூட நடக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். அந்த அம்மாவிடம் பெயரையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.