புதுப்பிப்பு: புரொஜெக்டரில் படம் விட்டுவிட்டுக் கறுத்த விஷயம்

மார்த்தாண்டம் வீட்டு மாடியில் ஏவி ரிசீவர் (படத்தையும் ஒலியையும் வாங்கித் திரைக்கும் ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி) வழியாக 4கே படம் போட்டால் புரொஜெக்டர் அடிக்கடி கறுத்துவிடுகிறது, டிவியில் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். சரியாகிவிட்டது. யோசனை சொன்னவர்களுக்கு நன்றி.

சிக்கல், சுவர்க் குழாய்க்குள் போன 12 மீட்டர் செம்பு எச்டிஎம்ஐ கேபிளில்தான். 1080பி-க்கு (ஃபுல் எச்டி) அது தாங்கியது. 4கே, 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 18 ஜிகாபிட் வரை போக வேண்டும். அந்த நீளத்துக்குச் சாதாரணச் செம்பு திணறும். நாகர்கோவிலில் ஃபைபர் ஆப்டிக் (ஒளியிழை) எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி மாற்றினோம். இதற்குத் திசை உண்டு: 'சோர்ஸ்' முனை ரிசீவரில், 'டிஸ்ப்ளே' முனை புரொஜெக்டரில். எலக்ட்ரீஷியன் அண்ணன், குழாய்க்குள் இழுக்கும் முன்பே தரையில் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். விவரமான மனுஷன்! உள்ளே போனபின் திருப்புவது பெரும்பாடு.

அப்புறம், ரிசீவரிலிருந்து டிவிக்கும் புரொஜெக்டருக்கும் போகும் இரண்டு அவுட்புட்டையும் ஒன்றாக ஓடவிட்டால் படம் பெரும்பாலும் இரண்டு திரைக்கும் பொதுவான தரத்துக்கு இறங்கிவிடும். அதனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். டிவி ஆப்களின் ஒலி இ-ஆர்க் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வழியே வருகிறது.

ஐப்பசி இடிக்கு முன் சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்த உயர்விலிருந்து கருவிகளைக் காப்பது) ஒன்று போட வேண்டும். எது உருப்படியானது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.