வீட்டுக் குழு: தம்பியின் முட்டி வலி

சித்தி: ஸ்கேன் படம் போட்டிருக்கிறேன், பார்த்தாயா? இரண்டு மாதமாக வாலிபாலே தொடவில்லை, இன்னும் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறான். அந்தக் கருப்பு என்ன, ஜவ்வு கிழிந்துவிட்டதா?

நான்: கிழியவில்லை சித்தி, பயப்படாதீர்கள். முட்டிச் சில்லின் கீழ் நுனியில் தசைநாண், அதாவது தசையின் இழுவிசையை எலும்புக்குக் கொண்டுபோகிற கயிறு மாதிரியான நார், ஒட்டுகிற இடம் அது. எகிறிக் குதிக்கிறவர்களுக்கு அங்கேதான் வரும், ஜம்பர்ஸ் நீ என்பார்கள். 2005இல் நார்வேயில் முன்னணி வீரர்களிடம் எடுத்த கணக்கில் வாலிபால் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு 45 பேர் அளவுக்கு இது இருந்தது.

மாமா: வீக்கம்தானே? பத்து நாள் மாத்திரை, இல்லாவிட்டால் ஒரு ஊசி. எனக்குத் தோளில் அப்படித்தான் சரியானது.

நான்: ஊசி மட்டும் வேண்டாம் மாமா. ஸ்டீராய்டு ஊசியில் சில வாரம் வலி அடங்கும், அப்புறம் திரும்பிவிடும், தசைநாணும் பலம் இழக்கலாம். இது வழக்கமான வீக்கம் இல்லை. நாள்பட்ட வலிக்காரர்களுக்கு அறுவை செய்து எடுத்த துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், வீக்கத்தில் கூடுகிற வெள்ளணுக்கள் மிகக் குறைவாகத்தான் இருக்கும். நல்ல தசைநாணில் கொலாஜன் என்கிற புரத இழைகள் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைமுடி மாதிரி ஒரே திசையில் நெருங்கி இருக்கும், இவனுக்கு அந்த இடத்தில் சிக்குப் பிடித்திருக்கிறது. உறுதியான முதல் வகைக் கொலாஜன் குறைந்து, மெலிந்த மூன்றாம் வகை கூடிவிடும். இழைகளுக்கு நடுவே கூழ் மாதிரி ஒரு பொருள் சேர்ந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஸ்கேனில் கருப்பாகத் தடித்துத் தெரிவது இதனால்தான். இல்லாத இடத்தில் புது ரத்தக் குழாய்களும் கூடவே நரம்பும் முளைக்கும்.

சித்தி: ஓய்வில் சிக்கு எடுபடாதா?

நான்: எடுபடாது சித்தி. இழுவிசை பட்டால்தான் தசைநாண் உறுதியாகும், சும்மா இருந்தால் தொடைச் சதையும் சேர்ந்து இளைத்துவிடும். தம்பி, இன்றைக்கே தொடங்கு. ஜிம்மில் லெக் எக்ஸ்டென்ஷனில், அதுதான் உட்கார்ந்து காலால் எடையைத் தூக்குகிற மெஷினில், காலைப் பாதி நீட்டி அசையாமல் 45 வினாடி, ஐந்து முறை. வலி அடங்கியதும் கனமான எடையில் மெதுவாக ஸ்குவாட், வாரம் மூன்று நாள், 12 வாரம். குதிப்பது கடைசியில்தான்.

தம்பி: செய்யும்போது வலித்தால் நிறுத்தவா அக்கா?

நான்: பத்துக்கு மூன்று வரை வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை படி இறங்கிப் பார், முந்தின நாளைவிடக் கூடியிருந்தால் எடையைக் குறை. வலி போன பிறகும் ஸ்கேனில் கருப்பு இருக்கலாம், அதைப் பார்த்துப் பதறாதே.

தம்பி: சரி அக்கா, சாயங்காலம் ஜிம்முக்குப் போகிறேன்.