மதர்போர்டுக்கு அடியில் சிவப்பு வாஷர்: போடணுமா, வேண்டாமா?

செந்தூல்_தம்பி
வணக்கம். தங்கச்சி படிப்புக்காக ஒரு கணினி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். போர்டு புதுசு. பெட்டி மட்டும் மாமா வீட்டில் சும்மா கிடந்த பழையது. அதோடு ஒரு சின்னப் பொட்டலத்தில் ஸ்க்ரூ, பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைப் பெட்டித் தகட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் குட்டிக் கால்), அப்புறம் அட்டை மாதிரி சிவப்பு வாஷர் ஒரு கைப்பிடி இருந்தது. கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் போர்டு வாங்கிய கடையில், "ஒவ்வொரு ஓட்டைக்கும் கீழே ஒன்று போடு, இல்லாவிட்டால் ஷார்ட் ஆகிவிடும்" என்றார்கள். அடுத்த கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள். எது சரி? இன்னொன்று, பெட்டியைத் தொட்டாலே விரலில் சுர்ரென்று அடிக்கிறது. முன்பு மாமா வீட்டிலேயும் அடிக்குமாம். வாஷர் போட்டால் அதுவும் நின்றுவிடுமா?

கெப்போங்_வாத்தியார்
போடு தம்பி, யோசிக்காதே. ஏடி என்ற பழைய வகைப் பெட்டி காலத்திலிருந்து ரிப்பேர் பார்க்கிறேன். போர்டில் மின்சாரம் ஓடுகிறது, பெட்டி இரும்பு. இரண்டும் தொடக்கூடாது. வாஷர் என்ன விலை? சில காசு. போர்டு எத்தனை நூறு வெள்ளி (ரிங்கிட்)? தேவையில்லை என்றால் கம்பெனிக்காரன் எதற்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறான்?

பிறை_ஷிப்ட்_அக்கா
அண்ணே, கோபிக்காதீங்க. பினாங்கு பாயான் லெப்பாஸில், தொழிற்சாலையில் போர்டு டெஸ்டிங் பக்கம்தான் என் வேலை. இந்தக் கேள்விக்கு அந்த ஓட்டையே பதில் சொல்லும். தம்பி, போர்டைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு வளையம் தெரிகிறதா? சில போர்டில் வளையத்துக்குப் பதில் குட்டிக் குட்டிப் புள்ளிகள் இருக்கும். பச்சை, கறுப்பு பூச்சு எல்லா இடத்தையும் மூடியிருக்க, அங்கே மட்டும் உலோகத்தைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அது போர்டின் கிரவுண்ட், கரண்டு திரும்பிப் போகும் பொதுப் பாதை. ஸ்க்ரூவும் ஸ்டாண்ட்ஆஃபும் அதைத் தொட வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். இன்டெல் 1995இல் ஏடிஎக்ஸ் என்ற போர்டு, பெட்டி அளவுகளை வெளியிட்டபோதே எந்த ஓட்டை எங்கே வரவேண்டும் என்று வகுத்துவிட்டது.

நம்பிக்கை இல்லையா? போர்டே வேண்டாம், வெறும் பவர் சப்ளையை எடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை (மின்சாரம் அளக்கும் கருவி) இரண்டு முனையும் இணைந்திருந்தால் 'பீப்' அடிக்கும் நிலைக்குக் கொண்டுபோய், ஒரு முனையை 24 ஊசி இணைப்பியில் ஏதாவது ஒரு கறுப்பு வயரிலும், இன்னொரு முனையை பவர் சப்ளையின் உலோகக் கூட்டில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். அடிக்கும். அந்த உலோகக் கூட்டைப் பெட்டியோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு இறுக்குகிறோம். கறுப்பு வயர் போர்டுக்குள் போகிறது. ஆக, போர்டின் கிரவுண்டும் பெட்டியும் ஏற்கெனவே ஒன்றுதான். வாஷர் போட்டு எதை எதிலிருந்து பிரிக்கிறீர்கள்?

கெப்போங்_வாத்தியார்
மீட்டர் கணக்கு எனக்கும் தெரியும்மா. நான் சொல்வது போர்டின் கிரவுண்டை இல்லை. பழைய போர்டுகளில் எல்லா ஓட்டைக்கும் வளையம் கிடையாது. சிலதில் சிக்னல் கோடே ஓட்டையை ஒட்டி ஓடும். ஸ்க்ரூ தலை கொஞ்சம் பெரிதாக இருந்தால் பூச்சைச் சுரண்டி நேரே கோட்டின் மேல் உட்காரும். அப்படிச் செத்த போர்டுகளை நான் மேசையில் வைத்துப் பார்த்தவன். அதனால்தான் அந்தக் காலத்தில் வெள்ளை பிளாஸ்டிக் காலும் சிவப்பு வாஷரும் வந்தன.

பிறை_ஷிப்ட்_அக்கா
அந்தக் காலத்துக்கு நீங்கள் சொல்வது ரொம்பச் சரி. வளையம் இல்லாத ஓட்டை என்றால் இன்றைக்கும் நான் வாஷர்தான் போடுவேன். ஆனால் தம்பி வாங்கியிருப்பது புதுப் போர்டு. ஓட்டையைச் சுற்றி ஸ்க்ரூ தலைக்கு இடம் ஒதுக்கி, அங்கே கோடு ஓட்டாமல்தான் வரைகிறார்கள்.

அப்புறம் இதையும் பாருங்கள். கடைக்காரர் சொன்ன மாதிரி கீழே மட்டும் வாஷர் போட்டால் என்ன ஆகும்? ஸ்க்ரூ தலை மேலே வளையத்தில் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ கீழே ஸ்டாண்ட்ஆஃபுக்குள் இறங்கியிருக்கும். ஸ்டாண்ட்ஆஃப் பெட்டியில் இருக்கும். கரண்டுக்கு வழி அப்படியே இருக்கிறது! சரி, மேலேயும் ஒன்று போடலாம் என்பீர்கள். ஓட்டை சுமார் 4 மில்லிமீட்டர், ஸ்க்ரூ சுமார் 3.5. சுற்றிலும் கால் மில்லிமீட்டர்தான் இடைவெளி. போர்டு கொஞ்சம் நகர்ந்து ஸ்க்ரூ ஒரு பக்கம் சாய்ந்தால் ஓட்டையின் உள்சுவரைத் தொடும், அதுவும் உலோகப் பூச்சுதான். இத்தனைக்குப் பிறகும் கிராபிக்ஸ் கார்டின் தகடு பெட்டியில் ஸ்க்ரூ போட்டு இறுகியிருக்கும். பின்பக்கத் தகட்டின் நாக்குகள் யூஎஸ்பி மாதிரி போர்ட்டுகளின் உலோக உறையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இசைப்பெட்டி_கே.எல்
நடுவில் வருகிறேன். எனக்கு ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். கிரவுண்ட் லூப் என்கிறார்கள். போர்டைப் பெட்டியிலிருந்து பிரித்தால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். அப்படியென்றால் வாஷர் நல்லதுதானே?

பிறை_ஷிப்ட்_அக்கா
அந்த லூப் பெட்டிக்குள் இல்லை. கணினியின் எர்த் ஒரு பக்கம், ஆம்ப்ளிபையரின் எர்த் ஒரு பக்கம், இரண்டையும் ஆடியோ கேபிள் இணைக்கிறது. அதை ஆடியோ கேபிளில்தான் வெட்டவேண்டும். அதற்கென்றே ஐசொலேட்டர் (இரு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரிக்கும் சின்னக் கருவி) விற்கிறார்கள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகினாலே பல வீட்டில் பாதி குறைந்துவிடும். தயவுசெய்து எர்த் பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.

பினாங்கு_மாமா
போர்டை வாங்கிய அட்டைப் பெட்டி மேலேயே வைத்து ஓட்டிப் பார்க்கிறோமே, ஒரு ஸ்க்ரூவும் இல்லாமல் ஓடுகிறதே. அப்படியானால் ஸ்க்ரூ வழியாகக் கிரவுண்ட் வேண்டும் என்பதும் கதைதானா?

பிறை_ஷிப்ட்_அக்கா
நல்ல கேள்வி மாமா. ஓடுவதற்கு வேண்டாம், கரண்டு திரும்பிப் போகக் கறுப்பு வயர்கள் போதும். ஸ்க்ரூவின் வேலை வேறு. போர்டிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை இரைச்சல், பல இடத்தில் பெட்டியோடு சேர்ந்திருந்தால் குறைவாக வெளியே போகும். யூஎஸ்பியைத் தொடும்போது விரலிலிருந்து பாயும் ஸ்டாட்டிக்கும் சிப்புகளைச் சுற்றாமல் கிட்டத்தில் இருக்கிற ஸ்க்ரூ வழியாகப் பெட்டிக்கு இறங்கிவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் ஸ்டாட்டிக் எங்கே என்பார்கள். ஏர்கான் அறையில் கார்ப்பெட் மேல் நடந்துவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். தொழிற்சாலையில் நாங்கள் மணிக்கட்டில் பட்டை கட்டாமல் போர்டைத் தொடவே முடியாது.

அந்தச் சிவப்பு வாஷர் நார் அட்டை, ஈரத்தை இழுக்கும். மாமா வீட்டில் வருஷக்கணக்கில் கிடந்தது எந்த நிலையில் இருக்கிறதோ.

செந்தூல்_தம்பி
வளையம் இருக்கிறது, எல்லா ஓட்டையிலும். சரி, அந்த ஷாக்?

பிறை_ஷிப்ட்_அக்கா
அதற்கும் வாஷருக்கும் சம்பந்தமே இல்லை. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கப்பாசிட்டர் இருக்கும். ஒன்று லைவிலிருந்து பெட்டிக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு. எர்த் சரியாக இருந்தால் அந்தத் துளிக் கரண்டு எர்த்துக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டி 230இல் ஏறக்குறைய பாதி வோல்ட்டில் மிதக்கும். அதுதான் உங்கள் விரலில் சுர்ரென்கிறது. பெட்டியோடு வந்த பவர் கேபிள், மூன்று பின் பிளக், எக்ஸ்டென்ஷன் மூன்றையும் பாருங்கள். பேனா முனையை எர்த் ஓட்டையில் குத்தி இரண்டு பின் பிளக்கை நுழைக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

கெப்போங்_வாத்தியார்
இது சரி. ஷாக்கை எர்த்தில் பார், வாஷரில் பார்க்காதே. சாயங்கால இடி இறங்கும் ஊரில் எர்த் இல்லாமல் கணினி வைப்பது வம்பு.

செந்தூல்_தம்பி
எக்ஸ்டென்ஷன் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துத் திறந்து பார்த்தேன். பச்சை மஞ்சள் வயர் வெட்டி மடக்கி விட்டிருக்கிறது, எதிலும் மாட்டவில்லை! புது எக்ஸ்டென்ஷன் வாங்கிவிட்டேன். இன்னொரு சந்தேகம். முன்பு இருந்த போர்டுக்குப் பெட்டியில் ஒன்பது ஸ்டாண்ட்ஆஃப் முடுக்கியிருக்கிறார்கள். என் போர்டில் எட்டு ஓட்டைதான். ஒன்று போர்டுக்கு அடியில், ஓட்டையே இல்லாத இடத்தில் நிற்கிறது. எடுக்க வரவில்லை, துருப்பிடித்திருக்கிறது.

பிறை_ஷிப்ட்_அக்கா
நிறுத்துங்கள்! கடைக்காரர் பயந்த ஷார்ட் இதுதான். போர்டின் பின்பக்கம் முழுக்க சோல்டர் முனைகள். அந்தப் பித்தளை 12 வோல்ட் முனையில் முட்டினால் போர்டு போய்விடும்.

கெப்போங்_வாத்தியார்
அப்போ அதன் மேல் வாஷர் ஒட்டிவிடலாம். இன்சுலேஷன் வேண்டும் என்று கடைசியில் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பிறை_ஷிப்ட்_அக்கா
ஒட்டினாலும் சோல்டர் முனை நாளாக நாளாக அட்டையைக் குத்தும். ஸ்டாண்ட்ஆஃப் உயரத்துக்கு மேல் வாஷரும் சேர்ந்தால் போர்டு வளையும். கழற்றுவது ஒன்றுதான் வழி.

கெப்போங்_வாத்தியார்
சரி, கழற்ற நான் சொல்கிறேன். அடியில் ஒரு துளித் துரு எண்ணெய் விட்டு, பசியாறிவிட்டு வா. பிளையரால் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பாதே, வழுக்கினால் பெட்டியைக் கீறும். ஆறு மூலை நட் டிரைவர், 5 மில்லிமீட்டர், அதுதான் பொருந்தும். போர்டு உட்காரும் தகடு ஆடினால் மறுபக்கத்திலிருந்து ஒரு கையால் பிடித்துக்கொள். வந்ததும் எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடை.

செந்தூல்_தம்பி
வந்துவிட்டது. எட்டு ஸ்டாண்ட்ஆஃப், எட்டு ஓட்டை, நேராக நிற்கிறது.

கெப்போங்_வாத்தியார்
ஸ்க்ரூ தலைக்கு அடியில் மேலே மட்டுமாவது ஒன்று போடு. போர்டு கீறாது.

பிறை_ஷிப்ட்_அக்கா
போடட்டும் அண்ணே, கீழே ஸ்டாண்ட்ஆஃப் தொட்டுக்கொண்டிருக்கும் வரை மேலே போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் தம்பி, ஸ்க்ரூவை ஒரேயடியாக இறுக்காதீர்கள். எட்டையும் தளர்வாக மாட்டிவிட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.