டெக்சாஸ் வீட்டுக்கடன்: துணைவரின் கையெழுத்து பற்றி ஓர் உதவி

டெக்சாஸில் வீடு வாங்கியவர்கள் உதவுங்கள். நண்பர் தம்பதிக்காகக் கேட்கிறேன். எஃப்.எச்.ஏ. கடன் (அமெரிக்க அரசின் காப்பீடு உள்ள வீட்டுக்கடன்), கணவர் பெயரில் மட்டும்.

டெக்சாஸ் கம்யூனிட்டி பிராப்பர்ட்டி மாநிலம் (திருமணத்துக்குப்பின் சேர்வது பொதுவாக இருவருக்கும் உரியது) என்பதால், கடனில் சேராத மனைவியின் கார் லோன், கிரெடிட் கார்டு தவணைகூட கணவரின் கடன்-வருமானக் கணக்கில் ஏறிவிடும். அதைச் சமாளித்தாயிற்று. குடியிருக்கும் வீடு ஹோம்ஸ்டெட், அதாவது சட்டப் பாதுகாப்புள்ள குடும்ப வீடு. அதனால் டீட் ஆஃப் டிரஸ்டில் (வீட்டைக் கடனுக்கு ஈடாக்கும் பத்திரம்) மனைவியின் கையெழுத்தும் கேட்கிறார்கள். போடட்டும். பிராமிசரி நோட்டில் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதும் உறுதிப் பத்திரம்) மட்டும் போட்டுவிடக் கூடாது, கடனுக்கே பொறுப்பாளி ஆகிவிடுவார். வீட்டு வாங்கலை முடிக்கும் க்ளோசிங் மேசையில் தாள்கள் குவியும்போது இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்.

என் கவலை வேறு. வாரன்டி டீட் (வீட்டின் உரிமையை மாற்றித் தரும் பத்திரம்) வரைவில் கணவர் பெயர் மட்டுமே இருக்கிறது. அவருக்குப்பின் புரொபேட் (இறந்தவர் சொத்தை நீதிமன்றம் வழி மாற்றுவது) அலைச்சலின்றி வீடு மனைவிக்குச் சேர, இருவரும் கையெழுத்திட்ட சர்வைவர்ஷிப் ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். அதை க்ளோசிங்கோடு முடித்தீர்களா, பிறகு வக்கீலிடம் எழுதினீர்களா? பத்திரங்களைப் பதியும் கவுன்டி கிளார்க்கிடம் பதிந்தீர்களா?