மகளுக்கு சைக்கோலஜி கிடைக்குமா? (அவசரம்)

வளர்_அம்மா | 28 செப்டெம்பர் 2025, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். மகள் இங்கே இங்கிலாந்தில் யூனியில் சைக்கோலஜி (உளவியல்) படிக்கப் போகிறாளாம். கடைசிப் பரீட்சையில் மூன்று பாடத்துக்கும் ஏ, பி, பி வரும் என்று ரீச்சர் சொல்லியிருக்கிறார். கிடைக்குமா கிடைக்காதா? வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்கிற ஐந்து யூனியின் பெயர் கொடுக்க வேண்டும் என்று நிற்கிறாள். வீட்டில் இவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், நான் நடுவில். தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

தயாளன் | 28 செப்டெம்பர், இரவு 11.52

பயப்பட ஒன்றுமில்லை அக்கா. இப்போது யூனிக்காரர்தான் பிள்ளைகளைத் தேடித் திரிகிறார்கள். ஓகஸ்டில் ரிசல்ட் வந்த அன்று காலையிலேயே, மிச்ச இடங்களை நிரப்புகிற கிளியரிங்குக்குப் போன் எடுத்தால் பத்து நிமிடத்தில் இடம். என் தம்பியின் மகன் அப்படித்தான் போனவன். இந்த ஐந்து இடம், விண்ணப்பத்தோடு அனுப்புகிற கட்டுரை எல்லாம் சும்மா தலையிடி.

பனித்துளி | 29 செப்டெம்பர், காலை 7.15

அன்ரி, நான் சைக்கோலஜி இரண்டாம் வருடம். உதவலாம், ஆனால் இவ்வளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. என்ன மூன்று பாடம்? ஏ லெவலா, தொழிற்கல்விப் பக்கமான பிடெக்கா? எந்த யூனிகளை நினைத்திருக்கிறாள்? பதினாறு வயதில் எழுதுகிற ஜிசிஎஸ்இயில் கணக்கும் இங்கிலிஷும் எத்தனை (9தான் உச்சம்)? நீங்கள் இங்கே எத்தனை வருடம்? கட்டணம் அதில்தான் மாறும்.

ஒக்ஸ்ஃபோர்டோ கேம்பிரிட்ஜோ மனதில் இருந்தால் ஒக்டோபர் 15 கடைசி. மற்ற இடங்களுக்கு ஜனவரி 14 வரை இருக்கிறது. வெள்ளிக்கிழமை என்பது பள்ளிக்கூடம் வைத்த தேதியாக இருக்கும்.

நெற்றிக்கண் | 29 செப்டெம்பர், காலை 9.03 | பதிவுகள்: 4,112

மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. மருந்துக்கடையில் போய் நின்று "வருத்தம், மருந்து தாங்கோ" என்று கேட்டால் அவன் என்ன தருவான்? பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எங்களுக்கும் நேரம் மிச்சம்.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள் தங்கச்சி. ரீச்சர் சொன்ன ஏ, பி, பி வெறும் கணிப்புத்தான். 2016இல் வந்த ஒரு ஆய்வில், கணித்தது கணித்தபடி வந்தது 16 சதவீதம் பேருக்குத்தான். 75 சதவீதம் பேருக்குக் கூட்டித்தான் கணித்திருந்தார்கள். ஆகவே அதைக் கையில் கிடைத்த காசோலைபோல நினைக்க வேண்டாம்.

வளர்_அம்மா | 29 செப்டெம்பர், மதியம் 1.20

வேலை இடைவேளையில் எழுதுகிறேன். ஏ லெவல்தான். சைக்கோலஜி, சோசியோலஜி, இங்கிலிஷ். பிறந்ததே இங்கேதான். ஜிசிஎஸ்இ எல்லாம் பாஸ். எந்த யூனி என்று முடிவில்லை, பஸ்ஸில் போய்வரக் கூடியதாக இருக்க வேண்டும் என்று இவர் சொல்கிறார். மகள் தூரத்தில்தான் நிற்கிறாள். கிடைக்குமா?

ராஜாமணி | 29 செப்டெம்பர், மதியம் 2.45

மார்க்கெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும்மா. எல்லாமே அந்தக் கட்டுரையில்தான் இருக்கு. ஏதாவது முதியோர் இல்லத்திலோ சிறப்புப் பள்ளியிலோ ஆறு மாதம் தன்னார்வமாக வேலை செய்யச் சொல்லுங்க. அதை வைத்து உருக்கமாக ஒரு பக்கம் எழுதினால், படிக்கிறவர் கண் கலங்கணும். என் அக்கா பெண் அப்படித்தான் உள்ளே போனாள்.

பனித்துளி | 29 செப்டெம்பர், மாலை 4.10

ராஜாமணி அங்கிள், அந்த ஒரு பக்கக் கட்டுரையே இப்போது இல்லை. 2026இல் சேர்கிறவர்களிலிருந்து மாற்றிவிட்டார்கள். மூன்று கேள்வி: ஏன் இந்தப் பாடம், இதுவரை படித்தது எப்படித் தயார்படுத்தியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்து, இடைவெளியையும் சேர்த்து மொத்தம் 4000. கண் கலங்க வைக்கிறவர்களைவிட, படித்த ஒரு பரிசோதனையில் எது தனக்குச் சரியாகப் படவில்லை என்று எழுதுகிற பிள்ளைதான் அங்கே எடுபடுவாள். "சின்ன வயதிலிருந்தே மனித மனம் என்னைக் கவர்ந்தது" என்று தொடங்க வேண்டாம் என்று எங்கள் ரீச்சர் சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தந்தது இன்னும் என்னிடம் இருக்கிறது.

சைக்கோலஜிக்குத் தன்னார்வ வேலை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகாது. மருத்துவத்துக்குச் சொல்கிற புத்தியை இதற்கும் சொல்லாதீர்கள்.

கணக்குப்பிள்ளை | 29 செப்டெம்பர், மாலை 5.30

அக்கா, "ஜிசிஎஸ்இ எல்லாம் பாஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் எத்தனை? இலக்கம் வேண்டும்.

ராஜாமணி | 29 செப்டெம்பர், மாலை 6.02

சைக்காலஜிக்கு எதுக்கு சார் கணக்கு? அது அறிவியலே இல்லையே. ஆள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தால் போதும்.

பனித்துளி | 29 செப்டெம்பர், இரவு 8.18

அங்கிள், என் முதல் வாரத்தைச் சொல்கிறேன். மெத்தையும் நாற்காலியும் போட்டு மனம் விட்டுப் பேசுவோம் என்று நினைத்துத்தான் நானும் போனேன். கணினி அறையில் இருத்தினார்கள். திரையில் "சிவப்பு" என்ற சொல் நீல நிறத்தில் வரும், சொல்லை விட்டுவிட்டு நிறத்துக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். ஸ்ட்ரூப் 1935இல் செய்த சோதனை அது. கை தடுமாறும். பிறகு எல்லோருடைய நேரங்களையும், மில்லிசெக்கனில், ஒரே அட்டவணையில் போட்டு, "இந்த வித்தியாசம் தற்செயலா இல்லையா, காட்டு" என்று சொல்லிவிட்டு விரிவுரையாளர் போய்விட்டார். மீதி ஒன்றரை மணித்தியாலம் ஆர் என்ற மென்பொருளோடு மல்லுக்கட்டினோம். பக்கத்தில் இருந்த பெண் அழுதே விட்டாள். புள்ளியியல் இல்லாத வருடமே இல்லை.

நெற்றிக்கண் | 29 செப்டெம்பர், இரவு 9.40

விஞ்ஞானம் இல்லை என்று சொல்ல ராஜாமணிக்கு என்ன துணிவு. வூண்ட் என்ற ஜெர்மன்காரர் 1879இலேயே லைப்சிக்கில் சைக்கோலஜிக்கு ஆய்வுகூடம் திறந்தார். இதை நான் இங்கேயே மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

ராஜாமணி | 29 செப்டெம்பர், இரவு 9.55

ஆய்வுகூடம் திறந்தால் அறிவியல் ஆகிவிடுமா? பழைய சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தால் பாதி வரவே இல்லையாம், நானும் பேப்பர் படிக்கிறவன்தான். அது சரி, இதைப் படித்தால் டாக்டர் ஆகலாமா?

தயாளன் | 29 செப்டெம்பர், இரவு 10.05

ஓம், டொக்டர்தான். மனநல டொக்டர்.

நெற்றிக்கண் | 29 செப்டெம்பர், இரவு 10.21

தயாளன், தெரியாததைச் சொல்லாதீர்கள். மருந்து எழுதுகிற மனநல மருத்துவர் வேறு, அவர் முதலில் மருத்துவம் படித்து வந்தவர். இது வேறு பாதை. பட்டம் பிபிஎஸ் (பிரித்தானிய உளவியல் சங்கம்) அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு அனுபவம், அதற்குப் பிறகு மூன்று வருட முனைவர் படிப்பு. அதை அரசாங்கச் சுகாதார சேவையான என்எச்எஸ் சம்பளத்தோடு தருகிறது, ஆகவே போட்டி கழுத்தறுப்பு. "கிளினிக்கல் சைக்கோலஜிஸ்ட்" என்ற பெயரை, தொழிலைப் பதிவு செய்கிற எச்சிபிசியில் பதியாமல் போட்டால் சட்டப்படி குற்றம். வெறும் "சைக்கோலஜிஸ்ட்" என்று யாரும் பலகை மாட்டலாம், அது இந்த நாட்டின் விசித்திரம்.

தயாளன் | 29 செப்டெம்பர், இரவு 10.30

அப்ப நான் மாட்டலாமா? வீட்டில் எல்லோரும் என்னிடம்தான் வந்து புலம்புகிறார்கள்.

பனித்துளி | 29 செப்டெம்பர், இரவு 10.44

பட்டமும் பெயர்ப்பலகையும் பிறகு. அன்ரி கேட்டது இடம் கிடைக்குமா என்று. அவரைப் பேச விடுங்கள்.

வளர்_அம்மா | 30 செப்டெம்பர், காலை 6.20

கணக்கு எத்தனை என்று மகளிடம் கேட்டால் "பாஸ் அம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். பாஸ்போர்ட், ஊசி போட்ட அட்டை எல்லாம் வைக்கிற மஞ்சள் கோப்பைத் திறந்து ரிசல்ட் தாளை எடுத்தேன். கணக்கு 4. இங்கிலிஷ் 7. 4 பாஸ்தானே? அன்றைக்குக் கேக் வெட்டினோமே.

கணக்குப்பிள்ளை | 30 செப்டெம்பர், காலை 7.05

பாஸ்தான் அக்கா, அதில் பொய் இல்லை. ஆனால் 4ஐ சாதாரணப் பாஸ் என்பார்கள், 5தான் வலுவான பாஸ். 3 எடுத்திருந்தால் பள்ளிக்கூடம் பிடித்து இருத்தித் திரும்ப எழுத வைத்திருக்கும், அது கட்டாயம். 4 எடுத்த பிள்ளையை ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு வருடம் கழித்து யூனிக்கு விண்ணப்பிக்கிற நேரத்தில்தான் அது தெரியவரும். என்னிடம் ரியூசனுக்கு வருகிற பெரிய பிள்ளைகளில் பாதிப்பேர் இந்தக் கதைதான்.

சைக்கோலஜிக்குச் சில இடங்கள் 4 போதும் என்கின்றன, நிறைய இடங்கள் 5 கேட்கும், மேலே போனால் 6. எவ்வளவு அழகாக எழுதினாலும், கணக்கில் கேட்ட இலக்கம் இல்லாவிட்டால் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடலாம்.

இப்போது செய்யக்கூடியது: நவம்பரில் ஜிசிஎஸ்இ கணக்கைத் திரும்ப எழுதலாம். பெயர் கொடுக்கிற நாள் ஒக்டோபர் தொடக்கத்தோடு முடியும். அதாவது இந்தக் கிழமை. வகுப்பு ரீச்சரிடம் அல்ல, பள்ளிக்கூடத்தின் பரீட்சை அலுவலரிடம் இன்றைக்கே போகச் சொல்லுங்கள். மூன்று தாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம், முதல் தாளில் கல்குலேட்டர் இல்லை. முடிவு ஜனவரியில். விண்ணப்பத்தில் "எழுதப் போகிறேன்" என்று சேர்த்துவிடலாம். குறைய வந்தாலும் பழைய 4 அப்படியே இருக்கும், பயமில்லை.

இன்னொன்று, இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். முன்பு எழுதியது பவுண்டேஷன் என்கிற இலகுவான தாளா, ஹையர் என்கிற கடினமான தாளா? பவுண்டேஷன் தாளில் எல்லாம் சரி என்றாலும் 5க்கு மேல் தரமாட்டார்கள். 6 கேட்கிற யூனியை மனதில் வைத்துக்கொண்டு பவுண்டேஷன் எழுதினால் எழுதியதே வீண்.

நெற்றிக்கண் | 30 செப்டெம்பர், காலை 8.50

கணக்கை நான் ஆரம்பத்திலேயே கேட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

பனித்துளி | 30 செப்டெம்பர், காலை 8.57

கேட்டது நான் மாமா. நீங்கள் மருந்துக்கடைக் கதை சொன்னீர்கள்.

ராஜாமணி | 30 செப்டெம்பர், காலை 9.30

😄

பனித்துளி | 30 செப்டெம்பர், மாலை 5.15

அன்ரி, இனி ஐந்து இடத்தைப் பற்றி. ஏ, பி, பி என்பது கையைக் கட்டிப்போடுகிற கணிப்பல்ல, நல்ல இடங்கள் உண்டு. விண்ணப்பம் போடுகிற யூகாஸ் தளத்தில் பாடத்தின் பக்கத்தைத் திறந்தால், கேட்கிற கிரேடைத் தவிர, முந்தைய வருடங்களில் என்ன கிரேடோடு உள்ளே போனார்கள் என்றும் பல இடங்களுக்குக் காட்டும். ஏ, ஏ, பி கேட்டுவிட்டு அதற்குக் கீழேயும் எடுத்த இடங்கள் அதில் தெரியும். நான் அதைப் பார்த்துத்தான் என் இரண்டாவது இடத்தைத் தெரிவு செய்தேன், அங்கேதான் இப்போது படிக்கிறேன்.

கணிப்புக்கு ஒரு படி மேலே ஒன்று அல்லது இரண்டு, சரியாக ஏ, பி, பி கேட்கிறது இரண்டு, பி, பி, சி அளவில் ஒன்று. அந்தக் கடைசி இடம் கணக்கு 4ஐ ஏற்கிறதாக இருக்கட்டும். கிரேடு இறங்கினாலும் கணக்கு ஏறாவிட்டாலும் போகக்கூடிய இடம் அது. பின்பு ஓஃபர்கள் வந்ததும் ஒன்றை முதலாவதாகவும் ஒன்றைக் காப்பாகவும் பிடித்துக்கொள்ள விடுவார்கள். ஐந்தையும் உயரத்தில் வைத்துவிட்டுக் காப்புக்கு ஆளில்லாமல் நின்றவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள்.

விஞ்ஞானப் பாடம் ஒன்று வேண்டும் என்று சில இடங்கள் கேட்கும். ஏ லெவல் சைக்கோலஜியை அதில் சேர்க்கிறவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. சோசியோலஜியைப் பொதுவாகச் சேர்க்கமாட்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வரியை மகளே வாசிக்கட்டும்.

பஸ் தூரம் உங்கள் வீட்டு அங்கிளின் கவலை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஐந்தில் இரண்டை மகளுக்காக விடச் சொல்லுங்கள்.

தயாளன் | 30 செப்டெம்பர், மாலை 6.40

இவ்வளவுக்கும் கிளியரிங் இருக்கே...

கணக்குப்பிள்ளை | 30 செப்டெம்பர், இரவு 7.12

தயாளன், கிளியரிங்கிலும் கணக்கு எத்தனை என்றுதான் முதலில் கேட்பார்கள். உங்கள் தம்பியின் மகனிடம் விசாரித்துப் பாருங்கள்.

தயாளன் | 30 செப்டெம்பர், இரவு 9.50

விசாரித்தேன். கேட்டவையாம். அவனுக்கு 8.

வளர்_அம்மா | 3 ஒக்டோபர், இரவு 10.15

நவம்பருக்குப் பெயர் கொடுத்தாச்சு. பரீட்சை அலுவலர் நாளையோடு சரி என்றாராம். ஐந்து பெயரும் கொடுத்தாள், இரண்டு தூரத்தில். இவர் இன்னும் கதைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

கணக்குப்பிள்ளை | 4 ஒக்டோபர், காலை 7.30

நல்லது அக்கா. ஹையரா, பவுண்டேஷனா?

பனித்துளி | 12 நவம்பர்

அன்ரி, தாள்கள் எப்படிப் போயின?

நெற்றிக்கண் | 2 டிசெம்பர்

வேலை முடிந்ததும் வரமாட்டார்கள். இது இங்கே வழக்கம்.

வளர்_அம்மா | 19 ஜனவரி 2026

மன்னிக்க வேண்டும், மாமிக்குச் சுகமில்லாமல் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தோம். கணக்கு 5. மூன்று ஓஃபர் வந்திருக்கிறது, ஒரு இடம் மாட்டோம் என்றது, ஒன்று இன்னும் பதில் இல்லை. இவர் தூரத்து யூனிக்குக் கார் எத்தனை மணித்தியாலம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை | 19 ஜனவரி

மாட்டோம் என்றது 6 கேட்ட இடமா?