கார்ப்பெட் கழுவின பிறகு முதல் 24 மணி நேரம்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் தரையைத் துடைத்து ஃபேனைப் போட்டால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். இங்கே வாடகை வீட்டில் சுவருக்குச் சுவர் கார்ப்பெட், அதற்கு அடியில் பஞ்சு மாதிரி அண்டர்லே. கழுவ வருகிறவர்கள் வெந்நீரை உள்ளே செலுத்தி மெஷினால் உறிஞ்சுவார்கள், ஆனாலும் ஈரம் மிச்சம் இருக்கும். அவர்கள் போன பிறகு காயவைப்பது நம் வேலை, அதில்தான் பலர் தவறுகிறார்கள்.

நாங்கள் வந்த வருடம் நவம்பரில் கழுவினோம். குளிருக்குப் பயந்து ஒரு ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை, ஹீட்டிங்கை மட்டும் கூட்டி வைத்தோம். மறுநாள் காலை கண்ணாடியெல்லாம் தண்ணீர் வழிந்தது, மூன்றாம் நாள் ஈரத்துணியைச் சுருட்டி வைத்த வாடை. கிளம்பிய ஈரம் வெளியே போக வழியே இல்லை. அதனால் ஹீட்டிங் ஓடட்டும், ஆனால் அவ்வப்போது பத்துப் பதினைந்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். டிஹ்யூமிடிஃபையர் (காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும் மெஷின்) இருந்தால் கதை வேறு, அது ஓடும்போது ஜன்னலை மூடியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருக்கும். ஃபேனைத் தரையிலேயே வைத்து, காற்று கார்ப்பெட்டை ஒட்டி ஓடும்படி திருப்புங்கள்.

பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்தில் காயும், தடிமனான கம்பளி என்றால் ஒரு நாள்கூட ஆகலாம். கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளை டிஷ்யூவை மடித்து வைத்து அதன்மேல் குதிகாலை ஊன்றி ஒரு நிமிடம் நில்லுங்கள், எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சோபா, மேசைக் கால்களுக்கு அடியில் அலுமினியம் ஃபாயில் வையுங்கள். மரச்சாயமும் இரும்புத் துருவும் ஈரக் கார்ப்பெட்டில் இறங்கினால் சுலபத்தில் போகாது. எங்கள் கட்டில் கால் விட்ட பழுப்பு வட்டம் வீட்டைக் காலி செய்கிறவரை அங்கேயே இருந்தது.

காய்ந்த பிறகு பழைய கறை திரும்பத் தெரிந்தால் சரியாகக் கழுவவில்லை என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, அடியில் தங்கிய அழுக்கு ஈரத்தோடு நூல் வழியே மேலே ஏறி நுனியில் நிற்கும். திரும்ப வந்து எடுத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள், மெதுவாகக் காய்ந்தால் இது இன்னும் அதிகமாகும்.

அப்புறம் ஸ்டெயின் ப்ரொடெக்டர், அதாவது கறை சட்டென்று ஒட்டாமல் இருக்கத் தெளிக்கிற மருந்து. கழுவி முடித்த கையோடு ஈரத்திலேயே தெளித்து, பிரஷ்ஷால் நூலுக்குள் வாரிவிடுவார்கள். முழுதாகக் காய்ந்தால்தான் அது பிடிக்கும், அதுவரை நடக்கக் கூடாது. காய்ந்ததும் ஒரு மூலையில் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்தாக நிற்க வேண்டும். சிந்தியதைத் துடைக்க அது கொஞ்சம் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். நம் சாம்பாருக்கு அது முழுப் பாதுகாப்பு இல்லை. சூடான எண்ணெயோடு விழுகிற மஞ்சள் சாயமாகவே ஏறிவிடும். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கிறதே, அதே மாதிரி சுண்ணாம்பைப் போலக் காரத்தன்மை உள்ள சோப்பு பட்டால் மஞ்சள் கறையும் சிவக்கும். அதனால் கழுவ வருகிறவரிடம் இது மஞ்சள் கறை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக எதையாவது போட்டுத் தேய்க்காதீர்கள். கம்பளிக் கார்ப்பெட்டில் ப்ளீச் வேண்டவே வேண்டாம், நூலையே அரித்துவிடும்.

என்னைக் கேட்டால் ப்ரொடெக்டரைச் சாப்பிடும் இடத்துக்கும் வீட்டுக்குள் நடைபாதைக்கும் மட்டும் அடித்தால் போதும், படுக்கையறைக்கு வேண்டாம். இன்னும் இரண்டு மாதத்தில் காலி செய்கிற வீட்டுக்குச் செலவே செய்யாதீர்கள். இங்கிலாந்தில் 2019 ஜூன் 1-க்குப் பிறகு, காசு கொடுத்து ஆள் வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் வந்தபோது எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டெபாசிட்டில் கை வைப்பார்கள். குடிபோன அன்றே ஒவ்வொரு அறையின் தரையையும் படம் எடுத்து வையுங்கள்.

தவழும் குழந்தை இருந்தால் ஃப்ளோரின் இல்லாத ப்ரொடெக்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்காட்ச்கார்ட் என்ற பிரபல ப்ரொடெக்டரில் இருந்த பிஎஃப்ஓஎஸ் என்ற ஃப்ளோரின் ரசாயனம் உடலிலும் மண்ணிலும் சிதையாமல் தங்குகிறது என்று தெரிந்துதான் 3எம் நிறுவனம் 2000-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. ஃப்ளோரின் இல்லாதவை தண்ணீரைத் தடுக்கும், எண்ணெயை அவ்வளவாகத் தடுக்காது. நாங்கள் அதைத்தான் அடித்தோம், சாப்பிடும் இடத்தில் ஒரு பாயையும் விரித்துவிட்டோம்.